விற்றுப்போன மாத்திரைகள்

1997 ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மைசூர் மண்டி மொஹல்லாவில் பாக்கியலட்சுமியின் மருந்துக் கடை முன்னால் ஜோவிதா வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வந்தவள். கடையின் பழைய ஆள் பசவராஜ் ஏணி போட்டு மேல்தட்டைத் துழாவினார். இறங்கி உள்ளறைக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“மாத்திரை இருக்கு. எல்லி, எங்க இருக்குன்னுதான் தெரியல,” என்றார்.

ஜோவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவள் புரோகிராமர். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கிளைகள் வைத்திருக்கும் ஒரு கடைக்காரருக்காக அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஏதோ ஓர் ஊரில் ஒரு சோப்பு விற்றால், அந்தக் கணமே இருப்பில் ஒன்று குறைய வேண்டும். அதுதான் வேலை. அந்தக் கடையை அவள் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

“அக்கா, அமெரிக்காக்காரனுக்கு அவன் கடையில எத்தனை சோப்பு இருக்குன்னு இங்கேருந்து நான் சொல்றேன். எங்கப்பா மாத்திரை இந்தக் கடையில எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல பாருங்க.”

விளையாட்டாகச் சொன்ன பேச்சுதான். பாக்கியலட்சுமி சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, “அந்த மாதிரி இந்தக் கடைக்கு ஒண்ணு செஞ்சு தர முடியுமா?” என்று கேட்டார்.

பாக்கியலட்சுமிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மருந்தாளுநர் படிப்பு முடித்து, ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, துணிந்து சொந்தக் கடை போட்டவர். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த கணவர் பாலனுக்குக் கடையின் உள்விவகாரம் தெரியாது. எல்லாம் அந்த அம்மாளின் கையில்தான். கொஞ்ச நாளாக அவருக்கு ஒரு யோசனை இருந்தது. மண்டி மொஹல்லாவிலிருந்து பழைய வாடிக்கையாளர்கள் பலர் ஊரின் புதுப் பகுதியான விஜயநகரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள். மாதா மாதம் அதே மாத்திரைகள். “போன் பண்ணினா வீட்டுக்கே அனுப்புவீங்களா?” என்று கேட்கிறவர்கள். யாருக்கு என்ன மாத்திரை, கடையில் எவ்வளவு இருக்கிறது, எது எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தால்தானே அனுப்ப முடியும்?

ஜோவிதா ஒத்துக்கொண்டாள். அவள் கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கொண்டுவந்தாள். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நேரே கடைக்கு வருவாள். கடைக்கு அன்று விடுமுறை. கதவைப் பாதி சாத்திவைத்து இரண்டு பெண்களும் உட்கார்ந்துகொள்வார்கள்.

முதலில் ஜோவிதா எழுதியது எளிமையான புரோகிராம். மாத்திரையின் பெயர், விலை, இருப்பு, அவ்வளவுதான். பாக்கியலட்சுமிக்கு அது போதவில்லை.

“பேட்ச் நம்பர் எங்க?”

“அது எதுக்குக்கா? பேரு போதுமே.”

“ஒரே பேருல ரெண்டு அட்டை இருக்கும். ஒண்ணு போன வருஷம் செஞ்சது, ஒண்ணு போன மாசம் செஞ்சது. பேட்ச் நம்பர் இல்லாட்டி எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பில்லுல ஒவ்வொரு மாத்திரைக்கும் அது வரணும். வாங்கறவங்க பேரும் வரணும், வீடு எங்கன்னும் வரணும்.”

“அமெரிக்காக்காரன்கூட இவ்வளவு கேக்கலக்கா,” என்று அலுத்துக்கொண்டாள் ஜோவிதா. ஆனாலும் எழுதினாள். எழுதும்போது அவளுக்கே ஒரு புது உற்சாகம் வந்தது. ஆபீஸில் அவள் எழுதுவது எங்கோ போய் எதிலோ சேரும். இங்கே அவள் எழுதியதை மறுநாள் பசவராஜ் தட்டுவார். வரிசையில் நிற்பவர் அதன் பலனைக் கையில் வாங்கிக்கொண்டு போவார். எது நன்றாக வந்தது, எது உதவாது என்று அடுத்த ஞாயிறு பாக்கியலட்சுமி முகத்துக்கு நேரே சொல்வார்.

எல்லாரையும்விடக் கஷ்டப்பட்டவர் பசவராஜ். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு விரலால் எழுத்துகளைத் தேடித் தட்ட வேண்டியிருந்தது. வாங்க வந்தவர்களும் அவரைத்தான் திட்டினார்கள். “தலைவலி மாத்திரை கேட்டா பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி ஊரு பேரெல்லாம் கேக்கறீங்களே!” என்று ஒருவர் சத்தம் போட்டார். பசவராஜ் பாக்கியலட்சுமியிடம் வந்து, “அம்மா, இது பேடம்மா, வேணாம். கையில எழுதினா அஞ்சு பேருக்குக் குடுத்திருப்பேன்,” என்று கெஞ்சினார்.

“ஆறு மாசம் பாருங்க பசவராஜ். அப்பவும் கஷ்டமா இருந்தா நானே தூக்கி வெளிய வச்சிடறேன்.”

ஆறு மாதம் கழித்து அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஏணியில் ஏறுவது பாதியாகக் குறைந்திருந்தது. எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று திரை சொன்னது. தீர்ந்துபோவதற்கு முன்பே வாங்க வேண்டியவை இவை என்று காலையில் காகிதம் அச்சாகி வந்தது. விஜயநகரிலிருந்து போன் வந்தால் பாக்கியலட்சுமி பெயரைத் தட்டுவார். போன மாதம் வாங்கியதெல்லாம் வரிசையாக வரும். “அதே மருந்துதானே சார்? டாக்டர் எதையும் மாத்தலையே?” என்று அவர் கேட்கும்போது எதிர்முனையில் இருப்பவர் அசந்துபோவார். சாயங்காலம் ஸ்கூட்டரில் மருந்து வீட்டுக்குப் போய்விடும். அந்தத் தெருவில் வேறு எந்தக் கடைக்கும் அப்போது அது கைவரவில்லை.

பசவராஜிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ஒன்றைப் பிடிக்காமல் செய்தாலும் அரைகுறையாகச் செய்யமாட்டார். 1999 பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம் முழுக்க மின்சாரம் இல்லை. பில் எல்லாம் கையால் எழுதவேண்டி வந்தது. மின்சாரம் வந்ததும், பாக்கியலட்சுமி சொல்லாமலே உட்கார்ந்து அத்தனை பில்லையும் பேட்ச் நம்பரோடு ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருந்து மொத்த வியாபாரியின் ஆள் கடைக்கு வந்தான். வழக்கமாக டீ குடித்துவிட்டுக் கதை பேசுகிறவன். அன்றைக்கு உட்காரவே இல்லை.

“மேடம், கால்சியம் மாத்திரையில ஒரு பேட்ச் தகராறு. பேக்டரியில அட்டை மாறிப்போச்சாம். கால்சியம் அட்டைக்குள்ள வேற மாத்திரை போயிருக்கு. இருக்கறதைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

“வேற மாத்திரைன்னா என்ன மாத்திரை?”

அவன் பெயரைச் சொன்னான். பாக்கியலட்சுமியின் முகம் மாறிவிட்டது. அது சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் கொடுப்பது. ரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது. சர்க்கரை நோய் இல்லாதவர் தினமும் அதைப் போட்டுக்கொண்டால் தலை சுற்றும், வேர்த்துக்கொட்டும், மயங்கி விழுவார். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. கால்சியம் மாத்திரை வாங்குகிறவர்களோ வயதானவர்களும் கர்ப்பிணிகளும்.

“வித்தது?” என்றார் பாக்கியலட்சுமி.

“வித்ததை என்ன மேடம் பண்ண முடியும்? பேப்பர்ல விளம்பரம் குடுப்பாங்க. ரெண்டு மூணு நாள் ஆகும். மத்த கடைக்கெல்லாம் போகணும், வரேன்.” அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

கடையில் மிஞ்சியிருந்த அட்டைகளைப் பசவராஜ் எடுத்துத் தனியே வைத்தார். பாக்கியலட்சுமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வாங்கியவரின் பெயரைத் தட்டினால் மருந்துகள் வரும். ஆனால் பேட்ச் நம்பரைத் தட்டி, அதை வாங்கியவர்கள் யார் யார் என்று கேட்க வழி இல்லை. யாரும் அதுவரை அப்படிக் கேட்டதே இல்லை. அவர் போனை எடுத்து ஜோவிதாவின் ஆபீசுக்குச் சுழற்றினார்.

விஷயத்தைக் கேட்டதும் ஜோவிதா எழுந்து நின்றுவிட்டாள். “நான் கிளம்பி வரேன்க்கா,” என்றவள் மறுகணம் நிறுத்தினாள். “வேணாம். வர்றதுக்கே அரைமணி ஆயிடும். நீங்களே தட்டுங்க, நான் சொல்றேன். புரோகிராமை விட்டு வெளிய வாங்க. கறுப்புத் திரையில ஒரு புள்ளி மட்டும் நிக்குதா?”

“நிக்குது.”

“இப்ப நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்றதை அப்படியே அடிங்க.”

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு பாக்கியலட்சுமி தட்டினார். எழுத்து, இடைவெளி, எழுத்து. கடைக்கு வந்தவர்களைப் பசவராஜ் கையமர்த்தி நிறுத்தினார். கடைசியில் என்டரை அழுத்தியபோது திரை ஏதோ முறைத்தது.

“சின்டாக்ஸ் எரர்னு வருது ஜோவி.”

“பேட்ச் நம்பருக்கு முன்னாடியும் பின்னாடியும் கொட்டேஷன் குறி போட்டீங்களா?”

“முன்னாடி போட்டேன்.”

“பின்னாடியும் போடுங்கக்கா. பதறாதீங்க. திரும்ப முதல்லேருந்து.”

இரண்டாம் தடவை என்டரை அழுத்தியதும் ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெயர்கள் வரத் தொடங்கின. ஒன்றன் கீழ் ஒன்றாக, வீட்டு விலாசத்தோடு, போன் உள்ளவர்களுக்குப் போன் நம்பரோடு. திரை நிறைந்து மேலே ஏறியது.

“வருது!” என்றார் பாக்கியலட்சுமி. “ஐயோ, இவங்களா… இந்தம்மாவா…” ஒவ்வொரு பெயரும் அவருக்கு ஒரு முகம். மொத்தம் முப்பத்தொரு பேர்.

“போன் இருக்கறவங்க எத்தனை பேருக்கா?”

“பாதிக்கு மேல. எல்லாம் விஜயநகர்க்காரங்க. ஆனா என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு போன். ஒவ்வொருத்தரையா கூப்பிட்டா மத்தியானம் ஆயிடும்.”

ஜோவிதா நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய மேஜையைச் சுற்றிலும் மேஜைக்கொரு போன் இருந்தது. அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழுத் தலைவர் முரளிதரன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். அன்று மாலைக்குள் அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டிய வேலை ஒன்று இருந்தது. அவர் கண்டிப்பானவர். ஜோவிதா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

முரளிதரன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அமெரிக்காவுல இப்ப எல்லாரும் தூங்கிட்டிருப்பாங்க. நம்ம ஊர்ல முழிச்சிட்டிருக்கறவங்களை முதல்ல பாப்போம்,” என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, “கீபோர்டை விடுங்க. போனை எடுங்க,” என்று கன்னடத்தில் சொன்னார்.

பாக்கியலட்சுமி பெயரும் நம்பரும் படிக்கப் படிக்க ஜோவிதா எழுதிக் கிழித்து, பக்கத்து மேஜைகளுக்குக் கொடுத்தாள். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் பாக்கியலட்சுமியே சொல்லிக்கொடுத்தார். அந்தக் கால்சியம் மாத்திரையைப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டு, தலைச்சுற்றல் இருந்தால் உடனே சர்க்கரை கரைத்துக் குடியுங்கள், டாக்டரிடம் போங்கள். அட்டையை நாங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம். பயமுறுத்தவும் கூடாது, அலட்சியமாக விடும்படியும் சொல்லக் கூடாது.

அமெரிக்கக் கடையின் சோப்பையும் சீப்பையும் எண்ணிக்கொண்டிருந்தவர்கள், அன்று காலை விஜயநகர்ப் பெரியவர்களிடம் கன்னடத்திலும் தமிழிலும் பேசினார்கள். சிலருக்குக் காது கேட்கவில்லை, கத்திச் சொன்னார்கள். ஒரு வீட்டில் யாரும் எடுக்கவில்லை, எடுக்கும்வரை விடவில்லை.

கமலம்மாள் என்ற பெயர் ஜோவிதாவின் பங்குக்கு வந்தது. எதிர்முனையில் மெலிந்த குரல்.

“யாரு? மெடிக்கல் ஷாப்பா? நானே போன் பண்ணணும்னு இருந்தேன். ரெண்டு நாளா கார்த்தால எழுந்தா தலை சுத்தறது. வேர்த்து வேர்த்துக் கொட்றது. வயசாயிடுத்து, அதான்னு அவர் சொல்றார்.”

“மாமி, வயசு இல்ல. அந்தக் கால்சியம் மாத்திரைதான். உள்ள வேற மருந்து மாறி வந்திருக்கு. இப்ப உடனே ரெண்டு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில போட்டுக் குடிங்க. நான் லைன்லயே இருக்கேன். மாமாவைக் கூப்பிட்டு ஆட்டோ வரவழைக்கச் சொல்லுங்க.”

ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம், டம்ளரில் ஸ்பூன் கலக்கும் சத்தம், ஒரு முதியவர் பதறும் குரல், எல்லாம் ஜோவிதாவுக்குக் கேட்டது. அந்த அம்மாள் திரும்ப வந்து, “குடிச்சுட்டேன்டியம்மா. நீ யாரு கொழந்தே?” என்று கேட்டார். அவள் எழுதிய ஒரு வரி எங்கே போய்ச் சேர்கிறது என்று அதுவரை அவளுக்கு யாரும் இப்படிக் காட்டியதில்லை.

இந்தப் பக்கம் பசவராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டி மொஹல்லாவின் சந்துகளுக்குள் புகுந்திருந்தார். போன் இல்லாதவர்களின் விலாசம் எல்லாம் அச்சிட்ட காகிதத்தில் இருந்தது. அந்தச் சந்துகள் அவருக்குத் தெரியாதவை அல்ல. ஒவ்வொரு வீட்டிலும் அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, யாருக்காவது மயக்கம் இருந்ததா என்று கேட்டுக்கொண்டு போனார். பத்து வீடு முடிந்து அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. சக்தி என்ற பெண்ணின் வீடு. மின்சாரம் போன அன்று அவரே கையால் பில் எழுதி, பிறகு ஏற்றியது. ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் வயிற்றைப் பார்த்து ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

“அவ போன வாரமே தாய் வீட்டுக்குப் போயிட்டா,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “ராமாபுரம், கொள்ளேகால் பக்கம். வீட்டுக்காரர் பெங்களூர்ல கட்டட வேலை. சனிக்கிழமைதான் வருவார்.”

“ராமாபுரத்துல யார் வீடு?”

“அப்பா பேரு சித்தையன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

பசவராஜ் சைக்கிளை மிதித்த மிதியில் கடைக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. பாக்கியலட்சுமி விஷயத்தை வாங்கி ஜோவிதாவிடம் போனில் சொன்னார். கடை போனில் வெளியூர் பேச வசதி கிடையாது. ஜோவிதாவின் ஆபீஸ் போனில் உலகத்தின் எந்த மூலைக்கும் பேசலாம். ராமாபுரத்துக்கு மட்டும் நம்பர் தெரியாது. முரளிதரன் டெலிபோன் விசாரணையைப் பிடித்து, ராமாபுரத்தில் உள்ள ஒரு எஸ்.டி.டி. பூத்தின் நம்பரை வாங்கினார். லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார்கள். ஒருவழியாக மணி ஒலித்தது.

“அல்லோ, ராமாபுரம் பூத்துங்க, நா சென்னிமலைங்க. யாருங்க பேசறது?”

“அண்ணா, மைசூர்லேருந்து பேசறேன். உங்க ஊர்ல சித்தையன்னு ஒருத்தர், அவங்க பொண்ணு சக்தி…”

“சித்தையன்னு மூணு பேரு இருக்கறாங்களேங்க.”

“மைசூருக்குக் கட்டிக்குடுத்த பொண்ணு. ஏழு மாசம். போன வாரம்தான் வந்திருக்கா.”

“அட, ராமக்கா மவளுங்களா! காலையிலதான் வாசல்ல மயங்கி உழுந்துருச்சுங்க. முழுகாம இருக்கறவளுக்கு அப்புடித்தான் இருக்கும்னு பொம்பளைங்க மந்திரிச்சுத் துண்ணூறு போட்டுட்டிருந்தாங்க.”

“அண்ணா, அது புள்ளத்தாச்சி மயக்கம் இல்ல. அவ சாப்பிடற மாத்திரை தப்பு. நீங்க இப்பவே ஓடுங்க. முழிச்சு, முழுங்கற மாதிரி இருந்தா சர்க்கரையோ வெல்லமோ கரைச்சுக் குடுக்கச் சொல்லுங்க. மயக்கத்துல இருந்தா வாயில எதையும் ஊத்த வேணாம். வண்டி புடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். மாத்திரை அட்டையையும் கையில எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

“போனை வெச்சறாதீங்க கண்ணு. நா ஓடறேன்.”

அவர் ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு ஓடியது கேட்டது. அதன்பின் அந்த ஊரின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு பஸ் ஹாரன். கோழி கொக்கரிப்பது. யாரோ ஒருவர் பூத்துக்குள் எட்டிப் பார்த்து, “சென்னிமலை இல்லீங்ளா?” என்று கேட்டுவிட்டுப் போனது. ஆபீஸில் எல்லா மேஜைகளிலும் போன் வேலை முடிந்திருந்தது. அத்தனை பேரும் ஜோவிதாவைச் சுற்றி நின்றார்கள். நேரம் என்ன ஆயிற்று என்று பிறகு கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது. பெண் குரல்.

“சாமி, நா சக்தியோட ஆத்தா. வெல்லத்தண்ணி குடுத்தேன். புள்ள கண்ணைத் தொறந்து பாக்குது. எங்கிட்டப் பேசுச்சு. நம்மூரு டெம்போ நிக்குது, ஏத்திட்டாங்க. கொள்ளேகாலுக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க யாரு சாமி?”

“மருந்துக் கடையிலேருந்துதாம்மா. சீக்கிரம் கிளம்புங்க,” என்று சொல்லி ஜோவிதா ரிசீவரை வைத்துவிட்டு, மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். முரளிதரன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஆஸ்பத்திரியில் சக்தியை இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வயிற்றுக் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. கமலம்மாள் அன்று மாலையே வீடு திரும்பிவிட்டார். மற்றவர்களில் ஆறேழு பேருக்கு லேசான தலைச்சுற்றல்; பலர் அட்டையைப் பிரிக்கவே இல்லை. பொழுது சாய்வதற்குள் விற்றுப்போன அட்டைகள் ஏறக்குறைய எல்லாம் பாக்கியலட்சுமியின் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டன.

ஒன்றைத் தவிர. முப்பத்தொரு பேரில் ஒருவர் ஏதோ வேலையாக மைசூர் வந்த வெளியூர்க்காரர். விலாசம் என்ற இடத்தில் ‘வெளியூர்’ என்று மட்டும் இருந்தது. பக்கத்து லாட்ஜுகளில் எல்லாம் பசவராஜ் விசாரித்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பேப்பரில் விளம்பரம் வந்தது. அதை அவர் பார்த்தாரோ என்னவோ. எல்லாரும் பாராட்டும்போது பாக்கியலட்சுமி அந்த ஒருவரைப் பற்றித்தான் பேசுவார். “அன்னிக்கு இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊர் பேரையாவது வாங்கியிருக்கலாம்,” என்பார். இந்தக் கதையை இவர்களிடம் கேட்டு எழுதும் எனக்கு அந்த அம்மாளிடம் மரியாதை வந்ததே அதைக் கேட்டபிறகுதான்.

செய்தி ஊருக்குள் பரவியது. மற்ற மருந்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு விளக்கிக் காட்டியவர் பசவராஜ். ஒரு விரல் இரண்டு விரலாகியிருந்தது. “பேட்ச் நம்பர் போடாம என்டர் அடிச்சா இது ஒத்துக்காது சார். நானும் ஒத்துக்க மாட்டேன்,” என்றார்.

ஜோவிதா அந்த வாரமே தன் புரோகிராமில் ஒரு புது வழி சேர்த்தாள். இனி யாரும் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டாம்; பேட்ச் நம்பரைத் தட்டினால் வாங்கியவர்கள் வந்துவிடுவார்கள். கம்பெனியில் அவளை ஒரு வருஷத்துக்கு அமெரிக்கா அனுப்புவதாக இருந்தார்கள். விசாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவள் முரளிதரனிடம் போய், தான் போகவில்லை என்றும் வேலையை விட்டுவிட நினைப்பதாகவும் சொன்னாள்.

“விட்டுட்டு?”

“இந்த ஊர்க் கடைகளுக்கு எழுதப் போறேன் சார்.”

“சம்பளம் பத்தி யோசிச்சியா? உங்கப்பா என்ன சொல்றார்?”

“ரெண்டு நாளா பேசல. அம்மா மட்டும் சரின்னாங்க. அவங்க நர்ஸ். நாப்பது படுக்கை இருக்கற அவங்க வார்டுல இது இருந்தா எப்படி இருக்கும்னு கேட்டாங்க.”

முரளிதரன் அவளைத் தடுக்கவில்லை. இங்கே கற்றதை வெளியே கொண்டுபோகிறாள், அவ்வளவுதான் என்று மற்றவர்களிடம் சொன்னாராம். கம்பெனியில் கழித்த கம்ப்யூட்டர்களில் நான்கை அவளுக்கென்று ஒதுக்கிவைக்கச் சொன்னவரும் அவர்தான். அவள் அப்பா பேசத் தொடங்கச் சித்திரை ஆயிற்று.

ஒரு பாத்திரக் கடை மாடியில் ஓர் அறை எடுத்தாள் ஜோவிதா. முதல் இரண்டு மாதங்களில் மூன்று மருந்துக் கடைகள், விஜயநகரில் புதிதாகத் திறந்த ஒரு பலசரக்குக் கடை. இப்போது நான்கு பேர் அவளிடம் வேலைக்கு இருக்கிறார்கள். எல்லாரும் இந்த ஊரில் படித்தவர்கள், பெங்களூருக்கு ரயிலேற மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள்.

போன வாரம் நான் அந்த மாடிக்குப் போயிருந்தேன். ஒரு ஜவுளிக்கடைக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, நம்பாத முகம்.

“மாத்திரைன்னா சரி, எண்ணிக் குடுக்கறது. என் கடையில துணியை மீட்டர்ல வெட்டறோம். கடைசியில கால் மீட்டர், அரை மீட்டர்னு துண்டு மிஞ்சும். அதை உங்க மெஷின்ல என்னன்னு ஏத்துவீங்க?”

“துண்டை என்ன பண்ணுவீங்க இப்ப?” என்று கேட்டாள் ஜோவிதா.

“தனியா போட்டு வச்சு, ஜாக்கெட்டுக்கு ஆகுமான்னு பாத்துக் குறைச்ச விலைக்குக் குடுப்போம்.”

“எந்தத் துண்டு ஜாக்கெட்டுக்கு ஆகும், எது ஆகாதுன்னு யாரு முடிவு பண்றது?”

அவர் கைகளைப் பிரித்தார். நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினார். ஜோவிதா ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நடுநடுவே கேள்வி கேட்டபடி, கட்டம் கட்டமாக வரைய ஆரம்பித்தாள்.